அய்யாசாமி காட்டுக்குப் போன பனிச் சங்கிலி

அந்தச் சங்கிலியை வீட்டுக்குள் வைக்க அம்மா விடவில்லை. கோழிக்கூண்டுக்குப் பின்னால், யூரியா சாக்கில் கட்டி, மேலே ஒரு தகரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தோம். வெயில் நேரத்தில் கோழிகள் அந்தத் தகரத்தின் நிழலில் ஒதுங்கும். அம்மா அவற்றைக்கூட விரட்டிவிடுவாள்.

என் வீட்டுக்காரர் லிங்கசாமி லாரி ஓட்டினார். திருப்பூரில் குளிர்காலப் பனியன் ஏற்றிக்கொண்டு ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் போவார். வரும்போது ஆப்பிள். முதல் தடவை மார்கழியில் போனபோது மலைப்பாதையில் வண்டி பனியில் சறுக்கி, பின்பக்கம் முன்பக்கமாகத் திரும்பி நின்றதாம். "எருமை மாதிரி திரும்பி நின்னு வந்த வழியவே பாத்துதுடி" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த நடையிலேயே பதான்கோட்டில் ஒரு ஜோடி டயர் சங்கிலி வாங்கிவிட்டார். ஏணியைப் போல இரண்டு நீளச் சங்கிலி, அவற்றுக்கு நடுவே குறுக்குச் சங்கிலிகள். பின்சக்கரத்தின் வெளி டயரில் ஒன்றைச் சுற்றி மாட்டினால் பனியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கி வந்ததும் பெருமாநல்லூரில் எங்கள் வீட்டு முன்னால், பங்குனி வெயிலில், லாரியை நிறுத்திவைத்து அதை மாட்டிப் பழகினார். தனியாக அல்ல. சக்கரத்தின் உள்பக்கக் கொக்கியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை என்னுடையது.

"கண்ண மூடிக்கிட்டு மாட்டு பாக்கலாம்" என்பார்.

"எதுக்குங்க கண்ண மூடணும்?"

"அங்க வெரலு மரத்துப்போயிரும். பாத்தாலும் ஒண்ணுதான், பாக்காட்டியும் ஒண்ணுதான். கைக்கே தெரியோணும்."

அவருக்குப் பழகியதைவிட எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. கொக்கியின் வாய் டயரைப் பார்த்து இருக்கக்கூடாது, வெளியே பார்க்கவேண்டும். முதலில் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம். மாட்டியதும் ஓட்டிக்கொண்டே போய்விடக்கூடாது. கொஞ்சதூரம் நகர்த்தி, நிறுத்தி, இறங்கி, இன்னொரு முறை இறுக்கவேண்டும். சக்கரம் சுற்றும்போதுதான் சங்கிலி தனக்கான இடத்தில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். அப்படியே ஓட்டினால் கழன்று அச்சில் சுற்றிக்கொள்ளும்.

அப்படி ஒருநாள் பழகிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் காடு வைத்து விவசாயம் பார்த்த அய்யாசாமி சைக்கிளை நிறுத்திக் கேட்டார்.

"ஏனுங்க லிங்கசாமி, பெருமாநல்லூருக்குப் பனி உழுகுதுன்னு ரேடியோவுல சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க சாமி. மொதல்ல உங்க காட்டுலதான் உழுகுதாமா."

"அப்ப ராகி வெதைக்கறதா வேண்டாமான்னு சொல்லுங்க!"

தெருவே சிரித்தது.

இரண்டாயிரத்து நாலு மார்கழியில், ஜம்முவுக்கு மேலே ஓர் ஏற்றத்தில், பாதை அடைபட்டு லாரிகள் வரிசையாக நின்றிருந்தபோது அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. டீ வாங்கி வரச்சொல்லி ஆத்தப்பனை அனுப்பியிருக்கிறார். ஆத்தப்பன் அவருடைய மாற்று டிரைவர். டீயோடு திரும்பி வந்தபோது ஸ்டீயரிங்மேல் தலை சாய்த்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்து ஆத்தப்பன் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்.

உடம்பு ஊர் வந்து, காரியமெல்லாம் முடிந்தபிறகு, ஆத்தப்பன் அந்தச் சங்கிலியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அவர் கடைசியாகக் கையால் மாட்டியது அதுதான் என்றார். அதைக் கேட்டதும் அம்மா முடிவு கட்டிவிட்டாள். செத்தவன் கடைசியாகத் தொட்ட இரும்பு வீட்டுப்படி ஏறக்கூடாது. பழைய இரும்புக்காரனுக்குப் போடவும் எனக்கு மனசில்லை. அதனால்தான் கோழிக்கூண்டு.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. நான் அப்போது அய்யாசாமி காட்டை ஒட்டியிருந்த ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பீஸில் நூல் பிசிறு வெட்டி, ஓட்டை, கறை பார்ப்பது வேலை. அன்று காலையில் கரண்டு இல்லை. மெஷின் ஓடாததால் எல்லோரும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அய்யாசாமி காட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சித்ரகலா, வா கண்ணு. மோகனு கெணத்துக்குள்ள..."

மோகன்ராஜ் என் தம்பி. மோட்டார் மெக்கானிக். கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது, மோட்டார் முழுகிவிடும், மேலே தூக்கிக் கட்டவேண்டும் என்று அய்யாசாமி கூப்பிட்டதால் போயிருக்கிறான். படியில் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றும்போது, மழையில் ஊறியிருந்த பக்கச்சுவர் சரிந்துவிட்டது. மோட்டார் வைத்திருந்த பலகைக்கல் அவன் காலின்மேல் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

நான் கிணற்றை எட்டிப் பார்த்தபோது அவனுக்கு இடுப்புவரை தண்ணீர் இருந்தது. செம்மண் கரைந்து டீ நிறத்தில் இருந்த தண்ணீர். மழை விட்டிருந்தாலும் காட்டுத் தண்ணீரெல்லாம் வாய்க்கால் கட்டினாற்போல் கிணற்றுக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கயிறு கட்டி இறங்கிக் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார்கள். கல் அசையவே இல்லை. மோட்டார் முழுகிவிட்டது, கரண்டும் இல்லை. தண்ணீரை இறைக்க வழி கிடையாது.

"அக்கா," என்று கீழேயிருந்து கூப்பிட்டான். "அம்மாகிட்டச் சொல்லீறாத."

"சொல்லலடா. நானேதான் பாத்துட்டு நிக்கறன்" என்று எனக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள். அவள் எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. சேலை முழங்கால்வரை சேறு.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்கள். நொய்யல் கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து அவர்கள் அங்கே இருந்தார்கள். முடிந்ததும் வருகிறோம் என்றார்கள். அதற்குள் அய்யாசாமி பைபாஸில் நிற்கும் கிரேன் லாரிக்குச் சொல்லிவிட்டார். விபத்தில் கவிழ்ந்த வண்டிகளைத் தூக்குகிற லாரி அது. ஓட்டுகிறவர் மாரிச்செல்வம், சாத்தூர்ப் பக்கத்துக்காரர்.

"லாரியவே தூக்குதோம், ஒரு கல்லத் தூக்கமாட்டமா? வழிய மட்டும் விடுங்க" என்று சொல்லிக்கொண்டே தார் ரோட்டிலிருந்து இட்டேரியில் இறக்கினார். இரண்டு பக்கமும் கிளுவை வேலி கட்டிய அந்த வண்டித்தடத்தில் தட்டுத்தடுமாறி வந்துவிட்டார். காட்டுக்குள் திரும்பியதும் பின்சக்கரம் இரண்டும் உழவுச் சேற்றில் இறங்கின. சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. கிணறு கண்ணுக்கு எதிரே இருந்தது. அதில் நின்று ஒருவர் கத்துவது கேட்கிற தூரம்.

எங்கள் ஊரில் எதற்கும் பனியன் வேஸ்ட்தான். எண்ணெய் துடைக்க, பைப் ஒழுகினால் அடைக்க, மாடு கட்ட, தலையணைக்குள் திணிக்க எல்லாம் அதுதான். யாரும் யோசிக்கவில்லை. கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்டைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அடியில் கொட்டினோம். நானும்தான் தூக்கினேன்.

"இப்ப எடுங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

மாரிச்செல்வம் எடுத்தார். சக்கரம் அந்தத் துணியையெல்லாம் மடமடவென்று உள்ளே இழுத்தது. இரட்டை டயர்களின் நடுவே, அச்சைச் சுற்றி, கயிறு திரித்தாற்போல் முறுக்கிக்கொண்டு ஏறியது. புகைநாற்றம் வந்தது. பிறகு சக்கரம் சுற்றுவதும் நின்றுவிட்டது.

மாரிச்செல்வம் இறங்கிவந்து குனிந்து பார்த்தார். "எந்தப் புண்ணியவதிக்கு வந்த யோசன இது? வண்டிக்கு ஜட்டி தச்சு மாட்டிவிட்டிருக்கீக!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கிணற்றடியிலிருந்து அய்யாசாமியின் குரல் வந்தது. "வகுத்துக்கு மேல வந்துருச்சுங்க தண்ணி!"

துணி என்றால் எங்களுக்குத் தெரியும். கட்டிங் டேபிளிலிருந்து பெரிய கத்திரிகளும் எங்கள் நூல் வெட்டும் சின்னக் கத்திரிகளுமாக ஏழெட்டுப் பெண்கள் லாரிக்கு அடியில் புகுந்தோம். ஆண்கள் இழுக்க நாங்கள் வெட்டினோம். என் பக்கத்தில் வேல்விழி படுத்திருந்தாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் லைனில் டெய்லராக இருந்தவள். "எக்ஸ்போர்ட் பீஸுக்குக்கூட இப்படிப் பிசிறு வெட்டல அக்கா" என்றாள்.

சேற்றில் மல்லாந்து படுத்து, டயருக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு வெட்டும்போதுதான், அந்த ரப்பரில் புடைத்திருந்த எண்ணைப் பார்த்தேன். பத்து, இருபது. அவர் வண்டியின் டயரிலும் அதே எண். "சங்கிலி வாங்கறதும் வளையல் வாங்கற மாதிரிதான், அளவு தப்புச்சுன்னா ஆகாது" என்று என்னை விரலால் தடவிப் படிக்கவைத்திருக்கிறார்.

கத்திரியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"வேலு, உன் டிவிஎஸ்ஸ எடு."

"எங்கக்கா?"

"ஊட்டுக்கு."

கோழிகள் சிதறி ஓடின. சாக்கை இருவரும் இழுத்து, ஒரு சங்கிலியை டிவிஎஸ்ஸின் கால் வைக்கும் இடத்திலும் இன்னொன்றை எங்கள் இருவருக்கும் நடுவிலும் ஏற்றினோம். வண்டி முக்கியது. இட்டேரி முனையில் சேற்றில் வண்டி நின்றுவிட, சாக்கை இறக்கி இழுத்துக்கொண்டு போனோம்.

எதிரே அம்மா நின்றிருந்தாள். சாக்கைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அதய எதுக்குக் கொண்டாந்த?"

"சக்கரத்துக்கு மாட்டறதுக்கு."

"ஒருத்தன முழுங்குனது பத்தலியா அதுக்கு? எம்பட பையன் கெணத்துக்குள்ள கெடக்கறான். அவங்கிட்ட இதக் கொண்டுக்கிட்டுப் போறியா? அந்தப் பக்கம் எடுத்துக்கிட்டுப் போ!"

நான் சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஆத்தப்பன் என்னிடம் சொன்ன ஒன்றை அதுவரை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. சொல்வதற்குள் அழுகை வந்துவிடும் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு அவரு வண்டிக்குப் பின்னால ஒரு வண்டி நின்னுதாமா. அதுக்குச் சங்கிலி இல்ல. நின்ன வாக்குல சறுக்கி பள்ளத்துக்குள்ள போயிருச்சு. அதே ஏத்தந்தான். அவரு ஸ்டீயரிங்மேல சாஞ்சு கெடந்தாரு. வண்டி ஒரு சாணுகூட நகரல. அதனாலதாம்மா அவரு மொகத்த நம்ம பாத்தோம். இது அவர முழுங்கல. புடிச்சு வெச்சிருந்துது."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து சாக்கின் மறு முனையைப் பிடித்தாள்.

"நல்ல கனமாத்தான் இருக்குது" என்றாள்.

நாங்கள் போனபோது துணியெல்லாம் வெட்டி எடுத்திருந்தார்கள். மாரிச்செல்வம் சங்கிலியைப் பார்த்து வாயைப் பிளந்தார். "இது மெலிட்டரி வண்டியில மாட்டுறதுல்ல? எனக்குப் போடத் தெரியாதேக்கா."

"எனக்குத் தெரியும். ஜாக்கி போடுங்க."

ஜாக்கி சேற்றுக்குள் இறங்கியது. வேல்விழி ஓடிப்போய்க் கம்பெனியிலிருந்து அயர்ன் டேபிளின் பலகையை ஆள்வைத்துத் தூக்கிவந்தாள். அதை அடியில் போட்டதும் ஜாக்கி நின்றது, லாரியின் பின்பக்கம் எழும்பியது. சங்கிலியை டயர்மேல் போர்த்தி, உள்ளே கையைவிட்டேன். பார்க்க முடியவில்லை. கண்ணுக்குள்ளும் சேறு. கொக்கியின் வாய் வெளியே பார்க்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். பார்த்தது. மாட்டினேன். அந்தப் பங்குனி வெயிலில் கண்ணை மூடச்சொல்லிப் படுத்தியது எதற்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு பக்கமும் மாட்டியானது. சக்கரத்துக்கு முன்னாலிருந்த சேற்றை மண்வெட்டியால் சரித்துவிட்டார்கள். மாரிச்செல்வம் ஏறி, மெதுவாக எடுத்தார். சங்கிலி சேற்றைக் கடித்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கரும்பைப் பல்லால் இழுப்பதுபோல் இருந்தது. லாரி குழியிலிருந்து ஏறி நகர்ந்தது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள்.

"போ! போ! நிறுத்தாதீங்க!"

"நெஞ்சுக்கு வந்துருச்சு!" என்று அய்யாசாமி அழுகையோடு கத்தினார்.

நான் லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

மாரிச்செல்வம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "யக்கா, தள்ளுங்க! இப்பத்தான் பிடிச்சிருக்கு. நிறுத்துனா மறுபடியும் எறங்கிரும்!"

"ஒருக்கா இறுக்கோணும். இறுக்காமப் போனாக் கழண்டு அச்சுல சுத்திக்கும். அப்பறம் துணி மாதிரி வெட்டி எடுக்க முடியாது."

"அங்க ஆளு முழுகுதான்க்கா!"

"முழுகறது எந்தம்பிங்க!"

பக்கத்தில் யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டு அம்மா என் அருகில் வந்து நின்றாள். தன் மகன் கிடந்த கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லாரியைப் பார்த்து நின்றாள்.

"நிறுத்து கண்ணு," என்று மாரிச்செல்வத்திடம் சொன்னாள். "மாப்பிள்ளகிட்டப் பழகுன கையி. அவ இறுக்கட்டும்."

வண்டி நின்றது. இறங்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது சக்கரத்தின் வெளிச்சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது, இன்னும் நாலைந்து சுற்றுத் தாங்கியிருக்காது. இரண்டையும் இழுத்து, அடுத்த கண்ணிகளில் கொக்கியை மாற்றினேன். வேல்விழி வலது பக்கம் பிடித்தாள். "இப்பப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாரிச்செல்வத்துக்குக் கேட்டிருக்கிறது.

லாரி எங்கள் முகத்திலெல்லாம் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

கிணற்றின் விளிம்புக்கு வண்டி போனால் மண் சரியும் என்று தள்ளியே நிறுத்தி, விளிம்பில் ஒரு பனந்தடியைப் போட்டு, அதன்மேல் இரும்புக் கயிற்றை விட்டார்கள். கல்லைக் கட்டக் கீழே போனவர்கள் மூச்சுப்பிடித்து முழுகவேண்டியிருந்தது. தம்பிக்குத் தண்ணீர் மோவாயைத் தொட்டிருந்தது. தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாரிச்செல்வம் லீவரை இழுத்தார். கயிறு விறைத்தது. கிரேன் லாரி, சேற்றைக் கடித்தபடி, அசையாமல் நின்றது.

கல் எழும்பியதை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தபோதுதான் தெரிந்தது.

கயிற்றுக்கட்டிலில் கட்டி மேலே கொண்டுவந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கம்பெனியிலிருந்து புது வெள்ளைத்துணியைக் கிழித்து, இரண்டு மரச்சட்டம் வைத்துக் கட்டினோம். அவன் கண்ணைத் திறந்து அய்யாசாமியைத் தேடினான்.

"ஏனுங்க, மோட்டாரு போயிருச்சுங்களா?"

"மோட்டாரு கெடக்குது போ சாமி!" என்று சொல்லி அய்யாசாமி கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். அதைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேல்விழி ஆரம்பித்தாள், பிறகு எல்லோரும். சேறு அப்பிய முகங்களோடு சிரித்துக்கொண்டே நின்றோம். நிறுத்த முடியவில்லை. கம்பெனி வேனில் அவனை ஏற்றினோம். அம்மாவும் ஏறப்போனாள். "நீ சேறு கழுவிட்டு அக்காகூட வா. இப்ப உன்னப் பாத்தா டாக்டரு பயந்துக்குவாரு" என்று தம்பி படுத்தபடியே சொன்னான். அய்யாசாமியின் மகன் கூடப் போனான். காலில் கம்பி வைத்துக் கட்டினார்கள். இன்றும் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான். மோட்டார் வேலையை விடவில்லை. ஆனால் மழை நாளில் யார் கூப்பிட்டாலும், "மோட்டார மேல கொண்டாந்துட்டுக் கூப்புடுங்க" என்கிறான்.

வேன் போனதும் அய்யாசாமி லாரியின் பின்சக்கரத்துக்கு அருகில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். சங்கிலியில் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"எங் காட்டுலதான் மொதல்ல பனி உழுகும்னு லிங்கசாமி சொன்னாரு பாரு" என்றார்.

என் வீட்டுக்காரர் போன பிறகு, அவர் பேச்சை யாராவது எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். அன்று போகவில்லை. அவர் அந்தப் பதிலைச் சொன்ன முகம் அப்படியே நினைவுக்கு வந்தது. எனக்கே இன்னொரு முறை சிரிப்பு வந்தது.

கம்பெனி கேண்டீனில் விறகு அடுப்பில் டீ போட்டுப் பெரிய போணிப் பாத்திரத்தில் கொண்டுவந்தார்கள். அம்மா தானே வாங்கி ஊற்றினாள். மாரிச்செல்வத்துக்கு முதல் டம்ளர். "குடி கண்ணு, உங்க அம்மா நல்லா இருக்கோணும்" என்றாள். பிறகு கல்லைக் கட்டிய ஆட்களுக்கு, அய்யாசாமிக்கு, வேல்விழிக்கு, எங்கள் லைன் பெண்களுக்கு. எல்லோருக்கும் கொடுத்தபிறகு இன்னொரு டம்ளரில் ஊற்றி, லாரியின் பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டில் வைத்துவிட்டு வந்தாள்.

யாரும் அதை எடுக்கவில்லை. யாருக்கு என்று யாரும் கேட்கவும் இல்லை. அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஆறிப்போவுது பாரு," என்றாள். "எடுத்து நீ குடி."

எடுத்துக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக, நல்ல சூடாக இருந்தது.